கதவுக்கு வெளியே நின்ற டிரம்ஸ்

மகளின் இடது பக்கத்தில் நடக்காதீர்கள் என்று டிரெஸ்டனில் காது மருத்துவர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். எனக்கு மறதி வந்துவிடவில்லை. ஆனால் ஜெர்மனியில் வண்டிகள் வலப்பக்கமாக ஓடுகின்றன. நடைபாதையில் போகிறவர்களுக்குச் சாலை பெரும்பாலும் இடது கைப்பக்கம்தான் இருக்கிறது. சாலைக்கும் ஷைனிக்கும் நடுவில் நான் நடந்தாக வேண்டும் என்று என் கால்கள் முடிவு செய்துவிட்டன. அங்கே நடந்தால் நான் பேசுவது எதுவும் அவளுக்குக் கேட்காது. அந்தக் காது போய்விட்டது.

ஒன்பது வாரங்களுக்கு முன் ஒரு மழை நாளில் ஆய்வுக்கூடத்துக்குச் சைக்கிளில் போனவளின் முன்சக்கரம் டிராம் தண்டவாளப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. அப்போது நான் தூத்துக்குடியில், எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில், பத்தாம் வகுப்பு வரைபடத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் ஒரு பெண் என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லி, நான்தானா என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் சொன்னவற்றில் மண்டையோட்டில் விரிசல் என்பது மட்டும் நினைவில் நிற்கிறது. விசா கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் ஷைனி எழுந்து நடந்து, தானே சமைத்து, நீ வர வேண்டியதே இல்லையே என்று சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தாள். தேறாதது நான்தான். டிராம் மணி அடித்தால் கையில் இருப்பது கீழே விழுகிறது. வந்த முதல் வாரத்தில் இரண்டு கோப்பைகளும் ஒரு தயிர் ஜாடியும் போயின.

என் கைப்பையில் ஊர் திரும்ப இரண்டு விமானச் சீட்டுகள் இருந்தன. ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. ஷைனியின் மேசையில் ஒரு படிவம் இருந்தது. அடுத்த திங்கள் முதல் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஆய்வுக்கூடத்துக்கு வரலாம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டிக்கொள்ளலாம் என்று அவளுடைய பேராசிரியர் ஏற்பாடு செய்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். நான் சீட்டைக் காட்டினேன். அவள் படிவத்தைக் காட்டினாள். இருவரும் ரசம் சாதம் சாப்பிட்டோம்.

"வுப்பர்டால் போயிட்டு வந்து சொல்றேன்மா," என்றாள் கடைசியில்.

வுப்பர்டாலில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரு பாஸ் கிதார்காரர் இருக்கிறார் என்றாள்.

இதை விளக்க வேண்டும். மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஷைனி தனக்குப் பிடித்த பாட்டு எதையும் கேட்க முடியாமல் போனாள். இன்றைய பாட்டுகளில் பாதி இசை இடது காதுக்கும் பாதி வலது காதுக்கும் போகுமாம். ஒரு காது போனால் பாட்டில் பாதிப் பேர் வேலைக்கு வராத மாதிரி இருக்கும் என்றாள். தேடிக்கொண்டே போனதில் அறுபதுகளில் பதிவான பழைய இசைத்தட்டுகள் அகப்பட்டிருக்கின்றன. ஒற்றை ஒலிவாங்கி வைத்து எடுத்தவை. முழுப் பாட்டும் ஒரே காதில் கேட்கும். அவற்றிலும் அவள் மாட்டிக்கொண்டது 'லோஸ் பட்டன்ஸ்' என்ற குழுவிடம். உருகுவே நாட்டுப் பையன்கள் நால்வர். எட்டு வாரமாக ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க அவர்களுடைய வரலாற்றை எழுதி வைத்திருக்கிறாள். பொருளறிவியல் ஆராய்ச்சிக்குக்கூட அவள் இப்படி நோட்டு போட்டு நான் பார்த்ததில்லை.

நான் இருபத்தைந்து வருடமாகப் புவியியல் நடத்துகிறவள். உருகுவே என்றால் தலைநகர் மான்டிவிடியோ, புல்வெளி, மாடு, கம்பளி. இரண்டு மதிப்பெண். அங்கே பையன்கள் கிதார் வாசித்தார்கள் என்று எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். ஜெர்மன் ரயில் என்றால் நிமிடம் தவறாது என்று நம்பி வந்தவள் நான். அந்த நம்பிக்கை வழியிலேயே இரண்டு முறை உடைந்து, எசன் நிலையத்தில் முழுதாகப் படுத்துவிட்டது. வண்டி இதற்கு மேல் போகாது என்று அறிவித்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. எங்கள் ஊர் நிலையத்தில் இப்படிச் சொன்னால் நிலைய அதிகாரியின் அறை வாசலில் கூட்டம் கூடியிருக்கும். இங்கே எல்லோரும் பெருமூச்சு விட்டுத் தொலைபேசியை எடுத்தார்கள். எங்களுக்கு எதிரே இருந்த ஒரு கிழவர் மட்டும் மனைவியிடம் ஏதோ முணுமுணுத்தார். ஷைனி மொழிபெயர்த்தாள்: "நாம் கல்யாணத்துக்குப் போனபோதும் இப்படித்தான். அப்போதே திரும்பியிருக்கலாம்." மனைவி அவர் கையில் ஒரு அவித்த முட்டையை உரித்துக் கொடுத்தார்.

மாற்றுப் பேருந்துக்காக ஒன்றரை மணி நேரம் நின்றோம். குளிர். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரி மக்ரூனைப் பையிலிருந்து எடுத்தேன். இங்கும் மக்ரூன் உண்டு. தேங்காய்த் துருவலில் செய்து, அடியில் ஆலயத்தில் தரும் அப்பம் போல ஒரு மெல்லிய தாள் ஒட்டி விற்கிறார்கள். வாயில் போட்டால் மெல்ல வேண்டும். நம்முடையது கரையும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நிற்கும் நேரத்தில் ஷைனி பட்டன்ஸ் கதையைச் சொன்னாள். நான் அவளுடைய வலது பக்கம் நின்று கேட்டேன். சாலை அந்தப் பக்கம் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன்.

நால்வரும் ஒரே தெருக்காரர்கள். ஆங்கிலேயக் குழு ஒன்றின் படம் அந்த ஊர்க் கொட்டகைக்கு வந்தது. படத்தை ஏழு முறை பார்த்துவிட்டு, எட்டாம் முறை கிதாரை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதை மட்டும் பார்ப்பதற்காகப் போனார்கள். முதல் பாஸ் கிதார் ஒரு அலமாரிக் கதவிலிருந்து அறுத்தது. டிரம்ஸ் வாசித்த நெஸ்தோரின் அம்மா தையல்காரர். நான்கு பேருக்கும் கறுப்புக் கோட்டு தைத்து, மார்பில் இரண்டு வரிசை பித்தளைப் பொத்தான் வைத்துக் கொடுத்தார். பெயர் அதிலிருந்து வந்தது. ஆங்கிலம் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஆங்கிலத்தில்தான் பாடினார்கள். அந்த நாளில் அந்தக் கண்டத்தில் பாதிக் குழுக்கள் அப்படித்தானாம். ஆற்றைக் கப்பலில் கடந்து ப்யூனஸ் அயர்ஸ் போய் மூன்று சிறு தட்டுகளும் ஒரு பெரிய தட்டும் பதிவு செய்தார்கள். இரண்டு கோடைக்காலம் அவர்கள் போன இடமெல்லாம் பெண்கள் பொத்தானைப் பிய்த்தார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் நெஸ்தோரின் அம்மா உட்கார்ந்து புதிதாகத் தைத்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் நம்ம பாஷையில பாடுங்கடான்னு ஜனங்க சொல்ல ஆரம்பிச்சாங்க. அப்புறம் மிலிட்டரி ஆட்சி வந்துட்டு. நெஸ்தோரைப் பிடிச்சு ஜெயில்ல போட்டுட்டாங்க. பாட்டுக்காரர் ஸ்பெயினுக்குப் போயிட்டார். பாஸ் வாசிச்ச ரூபென்தான் ஜெர்மனி."

அந்த ரூபெனைத்தான் பார்க்கப் போகிறோம். உலகம் முழுக்க அவர்களுடைய பழைய தட்டுகளைச் சேகரிப்பவர்கள் ஒரு நூறு பேர் இருப்பார்களாம். அவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று இருக்கிறது. அந்தப் பதிவுகளில் டிரம்ஸ் மட்டும் எங்கோ தூரத்தில், கிணற்றடியிலிருந்து வருவது போலக் கேட்கும். இது எப்படிச் செய்யப்பட்ட தந்திரம்? எதிரொலி அறையா, இரண்டாவது ஒலிநாடாவா என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ரூபெனையே கேட்டுவிடலாம் என்று ஷைனி ஜெர்மன் மொழியில் கடிதம் போட்டாள். பதில் வந்தது. மேலே நடுங்கும் கையெழுத்தில் ஜெர்மனில் ஒரே வரி: கேள்விகள் வேண்டாம், வேண்டுமானால் வாருங்கள். அதற்குக் கீழே வேறு மையில், தமிழில்: "தங்கச்சி, நான் இவரைப் பாக்க வாற நேர்ஸ். நீங்கள் தமிழ்ப்பிள்ளை எண்டு முழுப்பேரைப் பாத்து விளங்கீட்டுது. வந்தால் என்ர வீட்டிலைதான் நிக்கோணும்."

இப்படித்தான் நாங்கள் தவமலரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பேருந்து நிறுத்தத்தில் சிவப்புக் குட்டிக் காருடன் நின்றார். ஐம்பதுக்கு மேல் வயது. யாழ்ப்பாணம். இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு மருந்து கொடுத்து, குளிப்பாட்டி, இரத்த அழுத்தம் பார்க்கும் வேலை. நான் பள்ளி ஆசிரியை என்று சொன்ன நொடியிலிருந்து எனக்கு 'ரீச்சர்' என்றுதான் பெயர்.

"வாங்கோ ரீச்சர். இருந்து சாப்பிடுங்கோ. மிச்சம் எல்லாம் பிறகு கதைப்பம்."

புட்டு, மாசிச் சம்பல், சொதி. சம்பலின் காரத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. காரத்தால் மட்டும்தானா என்று தவமலர் ஒரு பார்வை பார்த்தார், கேட்கவில்லை. பிறகு, ஷைனி குளிக்கப் போன நேரத்தில், என்ன நடந்தது என்று நானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விமானச் சீட்டையும் சொன்னேன். தவமலர் தன் மூத்த மகன் தொழிற்பயிற்சிக்கு வேறு ஊர் போன அன்று அவனுடைய கட்டிலில் சலவைத் துணியை அடுக்கி வைத்ததாகவும், இன்றுவரை அது துணிக் கட்டிலாகவே இருப்பதாகவும் சொன்னார். அந்தக் கட்டிலில்தான் அன்று நான் தூங்கினேன்.

புதன்கிழமை ரூபென் வீட்டுக்குப் போக, அங்கே கார் நிறுத்த இடமில்லாததால், தொங்கு ரயிலில் ஏற வேண்டும். இந்த ஊரில் தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கிறது. பெட்டி அதிலிருந்து கீழே தொங்குகிறது. அதற்கும் கீழே ஆறு. வளைவில் பெட்டி ஊஞ்சல் போல ஒருபக்கமாகச் சாய்கிறது. நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆண்டவரே என்றேன்.

"உது விழாது ரீச்சர். பயப்பிடாதேங்கோ," என்றார் தவமலர். "நான் நாளுக்கு நாலு தரம் போறன்."

ஷைனி சன்னலில் முகத்தை ஒட்டிக் கீழே ஆற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். விபத்துக்குப் பின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் முறை. சன்னலை விட்டுத் தள்ளி நில் என்று சொன்னேன். அவளுடைய இடது பக்கம் நின்று சொன்னதால் அவளுக்குக் கேட்கவில்லை.

ரூபென் மூன்றாவது மாடியில் இருந்தார். எண்பதை நெருங்கும் ஒல்லியான மனிதர். வீட்டுக்குள்ளும் பளபளவென்று மெருகேற்றிய கறுப்பு ஷூ. இந்த ஊர் ரிப்பன் ஆலை ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவராம். சுவரில் பட்டன்ஸ் படம் எதுவும் இல்லை; கால்பந்துக் குழுவின் படம் ஒன்று இருந்தது. தவமலர் இரத்த அழுத்தம் பார்த்தார். கூடுதல். உப்பைக் குறைக்கச் சொன்னதற்கு அவர் சொன்ன பதிலை எனக்கு மொழிபெயர்க்க ஏலாது என்று தவமலர் சொல்லிவிட்டார்.

உட்கார்ந்ததும் மாத்தே வந்தது. அது அவர்கள் நாட்டுத் தேநீர் மாதிரி. சிறு சுரைக்குடுவையில் பச்சை இலைத்தூள் நிறைத்து, வெந்நீர் ஊற்றி, உலோகக் குழாய் ஒன்றைச் செருகி, ஒருவர் உறிஞ்சி முடித்ததும் மறுபடி நீர் ஊற்றி அதே குழாயை அடுத்தவரிடம் கொடுக்கிறார்கள். எச்சில் என்ற சொல்லே அந்த நாட்டில் கிடையாது போலும். டம்ளரில் உதடு படாமல் அண்ணாந்து குடித்து வளர்ந்தவள் நான். குழாயை அண்ணாந்து குடிக்க வழியில்லை. ஷைனியின் கண்ணைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தேன். வேப்பிலைக் கஷாயம். மரியாதையாக நன்றி என்று ஜெர்மனில் சொல்லிக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பின் அது எனக்கு வரவேயில்லை. மற்ற மூவருக்கும் நான்கைந்து சுற்று வந்தது. என் முறை வரும்போதெல்லாம் ரூபென் என்னைத் தாண்டிப் போனார். நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. நன்றி என்று சொன்னால், எனக்கு இனி வேண்டாம் என்று பொருளாம். தவமலர் இதை எனக்குச் சொன்னபோது குடுவை காலியாகியிருந்தது.

மக்ரூன் டப்பாவை நீட்டினேன். ரூபென் ஒன்றை வாயில் போட்டார். கரைந்ததும் கண்ணை அகல விரித்து, டப்பாவைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். நூறு சேகரிப்பாளர்களால் முடியாததைத் தூத்துக்குடி முந்திரி செய்தது. அவர் பேசத் தொடங்கினார்.

பேசியது பெரும்பாலும் தப்பு. முதல் தட்டு எது, இரண்டாவது எது என்பதையே மாற்றிச் சொன்னார். ஷைனி நோட்டைப் புரட்டித் திருத்தினாள். அவர் இல்லை என்றார். அவள் தட்டின் எண்ணைச் சொன்னாள். அவர் தவமலரைப் பார்த்து, "இவள் பிறப்பதற்கு முப்பது வருடம் முன்னால் நான் அங்கே இருந்தேன்," என்றார்.

"நீங்க இருந்தீங்க. நான் படிச்சேன்," என்றாள் ஷைனி.

அவர் சிரித்துவிட்டார்.

தூரத்து டிரம்ஸின் ரகசியமும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு ரகசியமும் இல்லை. பதிவுக்கூடம் குளியலறை அளவு. ஒலிவாங்கி ஒன்றுதான். பாடுகிறவர் அதை ஒட்டி, கிதார்கள் நான்கடி தள்ளி. நெஸ்தோர் அடித்தால் வேறு எதுவும் கேட்காது. அதனால் அவரை டிரம்ஸோடு கதவுக்கு வெளியே, கழிப்பறைக்குப் போகும் வழியில் உட்கார வைத்தார்கள். மெதுவாக அடிக்கச் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். தவமலர் அதை ஜெர்மனில் சொன்னார். ரூபென் என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப் போலப் பார்த்தார்.

"மெதுவாக அடித்தால் அது நெஸ்தோர் இல்லை," என்றார். "சத்தக்காரனைக் குறைக்கச் சொல்லக் கூடாது. தூரமாக வைக்க வேண்டும். அவ்வளவுதான்."

வெளியே இருந்த நெஸ்தோருக்குப் பாட்டு சரியாகக் கேட்காது. ஆகவே ரூபென் கதவு நிலையில் நிற்பார். உள்ளே பாட்டைக் கேட்டுக்கொண்டே வலது காலால் தட்டுவார்; நெஸ்தோர் அந்தக் காலைப் பார்த்து அடிப்பார். இரண்டு பக்கமும் தெரிகிற இடம் அது ஒன்றுதான். பதிவு செய்த மூன்று வருடமும் எல்லாப் பாட்டையும் அவர் நிலைப்படியில் நின்றே வாசித்தார்.

நெஸ்தோர் பிறகு என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லை. ரூபென் தானாகவே, தெரியாது என்றார். நண்பன் சிறையில் இருக்கும்போதே இவர் கப்பலேறிவிட்டார். பிறகு எழுதவில்லை. ஒரு வருடம் எழுதாவிட்டால் அடுத்த வருடம் எழுத வெட்கம் என்றார்.

ஷைனி நோட்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போனாள். நெஸ்தோர் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டார், சொந்த ஊரிலேயே பல வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், சில வருடங்களுக்கு முன்புதான் இறந்தார் என்றாள். உள்ளூர் வானொலியில் ஒருமுறை அவரைப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். பட்டன்ஸைப் பற்றி நினைவிருப்பதைச் சொல்லுங்கள் என்றதற்கு, ஒரு கறுப்பு ஷூ மட்டும்தான் நினைவிருக்கிறது, மற்ற எதையும் தான் பார்க்கவே இல்லை என்று சொன்னாராம். அந்த ஷூ யாருடையது என்றும் சொன்னாராம்.

ரூபென் குனிந்து தன் காலைப் பார்த்தார். தவமலர் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்து, கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினார். பிறகு ரூபென் ஏதோ கேட்டார். ஷைனி தயங்கி, ஆமாம் என்று தலையாட்டினாள்.

"என்ன கேக்கார்?"

"பாடுவியான்னு கேக்கார்மா."

என் மகள் ஆறு வயதிலிருந்து எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் பாடியவள். விபத்துக்குப் பின் பாட வாய் திறக்கவில்லை. தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று தனக்கே தெரியவில்லை என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். வேண்டாம், தலைவலி வந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

வியாழன் காலை பத்து மணிக்குப் பட்டன்ஸ் பாட்டு ஒன்றைப் பதிவு செய்வது என்று முடிவானது. மதியம் ஒன்று முதல் மூன்று வரை அந்தக் கட்டடத்தில் சத்தம் கூடாது. மேல் மாடிக்காரர் அந்த விதியைத் தாளில் அச்சடித்து வாசலில் ஒட்டியிருக்கிறார். "டெர்மின் போட்டு நேரம் குறிச்சுத்தான் இஞ்ச தும்மவும் வேணும்," என்றார் தவமலர். அன்று அவருக்கு விடுமுறை, ஆனாலும் வந்தார்.

ஷைனியின் சின்னப் பதிவுக்கருவியை ஒரு பூந்தொட்டியின் மேல் வைத்தார் ரூபென். பிறகு தவமலரின் பையிலிருந்து காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பட்டையை எடுத்து, தரையில் துண்டு துண்டாக ஒட்டி எங்கள் இடங்களைக் குறித்தார். ஷைனி தொட்டியருகே. தவமலர், ரூபெனின் ஒரு வார மாத்திரைகள் அடங்கிய டப்பாவைக் குலுக்கிக்கொண்டு, சன்னலோரம். "இதுதான் இந்த மனுசன்ர மருந்து ஒழுங்கா வேலை செய்யிற முதல் நாள்," என்றார். ரூபென் பாஸ் கிதாரோடு கதவு நிலையில். எனக்குக் கை தட்டும் வேலை.

நான் ஷைனிக்குப் பக்கத்தில், பழக்கப்படி இடதுபுறம், போய் நின்றேன். ஒருமுறை தட்டச் சொன்னார். தட்டினேன். நாற்பது பிள்ளைகளை அடக்கிய கை. கருவியில் ஒலியளவைக் காட்டும் கோடு உச்சி வரை துள்ளியது. அவர் என் கையை மெல்லப் பிடித்து அறைக்கு வெளியே கூட்டிப் போனார். இரண்டடி. தட்டு. இன்னும் நான்கடி. தட்டு. முன்வாசலைத் திறந்து, மாடிப்படி வரை கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே ஒரு துண்டுப் பட்டை ஒட்டினார்.

அங்கிருந்து ஷைனி தெரியவில்லை. பாட்டும் கேட்டும் கேட்காத மாதிரிதான் வந்தது. திறந்த கதவுகளின் வழியே ஒரு கறுப்பு ஷூ மட்டும் தெரிந்தது.

அது தட்டத் தொடங்கியது. நானும் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் ஷூ நின்றுவிட்டது. ரூபென் தலையை நீட்டி, பாதி நேரம் சத்தமே வரவில்லையே, விரலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். பள்ளி நாளில் நான்கு வருடம் பாட்டு வகுப்பு போனவள் நான். தட்டு என்றதும் கை ஆதி தாளம் போட்டிருக்கிறது. ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டுக்கு மூன்று தட்டுதான் சத்தம். எங்கள் ஊரில் சத்தம் வராத அடியையும் கையில் எண்ண வேண்டும் என்று விளக்கினேன். தவமலர் அதை ஜெர்மனாக்கினார். ரூபென் தானும் சுண்டு விரலை ஒருமுறை மடக்கிப் பார்த்தார். பிறகு, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நிலைப்படிக்குப் போனார்.

மறுபடி ஷூ அசைந்தது. இரண்டாவது வரியில் ஷைனியின் குரல் தடுமாறியதும் எனக்குத் தெரிந்தது. பட்டையைத் தாண்டி ஒரு கால் எடுத்து வைத்துவிட்டேன். ரூபென் திரும்பவில்லை; தட்டுவதையும் நிறுத்தவில்லை. உள்ளே அவள் ஒரு வரியை விட்டு, அடுத்த வரியில் பிடித்துக்கொண்டாள். நான் காலைப் பின்னால் எடுத்தேன்.

பாதிப் பாட்டில் மேல் மாடிக்காரர் குப்பைப் பையோடு இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து. ஒரு மணிக்கு இன்னும் நேரம் இருந்ததால் பையை அணைத்துக்கொண்டு படியில் நின்று முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் அவர் கேட்டதைத் தவமலர் பிறகு சொன்னார்: "வாராவாரம் உண்டோ எண்டு கேக்கிறார்."

பதிவைப் போட்டுக் கேட்டோம். ஷைனி கருவியை வலது காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். பாட்டு மூன்று நிமிடம் ஓடியது. ரூபென் கடைசி மக்ரூனைப் பாதியாக ஒடித்து ஒரு பாதியை அவள் முன் வைத்தார்.

"எல்லாரும் இருக்காங்கம்மா," என்றாள். "நீ படியிலதான நின்ன? நல்லாக் கேக்குது. இங்க நின்னப்போ உன் சத்தத்துல எனக்கு எதுவுமே கேக்கல."

புறப்படும்போது ரூபென் மாத்தே நீட்டினார். இந்த முறை உறிஞ்சி முடித்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி வந்தது. மறுபடியும் கசந்தது. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு நன்றி சொன்னேன்.

வெள்ளிக்கிழமை திரும்பும் ரயிலில் ஷைனி படிவத்தை எடுத்தாள். அவள் பேனாவைத் தேடினாள். என் கைப்பையில் இருந்தது. அதை எடுப்பதற்காக விமானச் சீட்டுகளை முதலில் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. இருவரும் அவற்றைப் பார்த்தோம். வண்டி ஆடியதில் கையெழுத்து கோணும் போலிருந்தது. தாளின் மேல் முனையை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஊரில் இருக்கும் அப்பாவிடம் நீயே சொல்லிவிடு என்றாள். என்ன சொல்வது என்று அடுத்த நான்கு நிலையங்களுக்கு யோசித்தேன். வண்டி அன்றைக்கென்று சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

திங்கள் காலை டிரெஸ்டனில் லேசான தூறல். அவள் நடந்தே போனாள். நானும் கூடப் போனேன், வலது பக்கமாக. ஆய்வுக்கூடம் டிராம் பாதைக்கு அப்பால் இருக்கிறது. நிறுத்தத்துக்கு வந்ததும் நான் நின்றுகொண்டேன். வாயேன், உள்ளே காட்டுகிறேன் என்றாள். இரண்டு மணி நேரம் கழித்து வருகிறேன் என்றேன். அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள், முன்பைவிடக் கழுத்தை அதிகமாகத் திருப்பி. பிறகு தண்டவாளத்தில் கால் வைத்தாள்.

தூரத்தில் டிராம் மணி அடித்தது. கீழே போட என் கையில் ஒன்றும் இல்லை. கை தொடையில் தானாகவே தட்டியது. பிறகு சுண்டு விரல், மோதிர விரல். அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது நான் நடு விரலில் இருந்தேன்.